ராசிக்காரனின் செவுள்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து தொட்டி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தபோதே மீன் பண்ணைக்காரரின் போன் வந்துவிட்டது. அவர் இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டால் ஒன்று மீன் வந்து இறங்கியிருக்கும், இல்லையென்றால் மீன் செத்திருக்கும். அன்று இரண்டும் இல்லை.

"டாக்டரம்மா, உங்க தம்பி வேலை கேட்டு வந்திருந்தான்," என்றார். "குஞ்சுத் தொட்டியெல்லாம் பாத்துக்க எனக்கு ஒரு ஆள் வேணும். வேலை தெரிஞ்சவன்தான். ஆனா அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க, அவன் கையால மீனே வாங்காதீங்கன்னு. அதான் உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா போதும்."

'வேண்டாம்' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏனோ அதை விழுங்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

டாக்டரம்மா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். படித்து வாங்கியது அல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மீன் தொட்டிகளுக்குள் கை விட்டவள், முப்பத்தைந்து வருடமாக அந்தக் கை காயவே இல்லை. மற்ற மீன் கடைக்காரர்கள்கூடத் தங்கள் மீன் சுணங்கினால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு அவளிடம்தான் ஓடி வருவார்கள். கல்லா மேசையில் கல்லாப் பெட்டியைவிடப் பெரிதாக ஒரு பழைய மைக்ரோஸ்கோப் உட்கார்ந்திருக்கும். "மனுஷ டாக்டருக்கு என்ன கஷ்டம்? எங்க வலிக்குதுன்னு கேட்டா சொல்லிடுவாங்க. என் நோயாளிங்களுக்கு வாய் இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்ல" என்பாள். கையில் நிதானமும் வாயில் அவசரமும் உள்ளவள். அந்த வாயின் கதைதான் இது.

நான்கு வருடத்துக்கு முன்புவரை அது அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடை. முழுக்க முழுக்கத் தங்கமீன். சுவரோடு சுவராக அடுக்கிய இருபது தொட்டிகளுக்கும் ஒரே குழாய், ஒரே மோட்டார். ஒரு தொட்டித் தண்ணீர் எல்லாத் தொட்டியிலும் சுற்றி வரும். அதனாலேயே கடையில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக வரும் மீன் எதுவானாலும் ஒரு மாதம் பின்னறையில் உள்ள தனித்தொட்டியில் இருந்துவிட்டுத்தான் மற்ற மீன்களோடு சேர வேண்டும். அந்த வருடம் தம்பி ஒரு புது வியாபாரியிடமிருந்து இருநூறு குஞ்சுகள் வாங்கி வந்தான். முன்னால் தொட்டிகள் காலியாகக் கிடக்கின்றனவே என்று பத்தே நாளில் அவற்றை வெளியே விட்டுவிட்டான். அடுத்த வாரம் அந்த இருநூறும் செத்தன. பிறகு அவற்றுக்குப் பக்கத்திலிருந்தவை. பிறகு எல்லாம். அறுநூறு மீன்கள்.

அவள் அன்றைக்கும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். செத்த குஞ்சுகளின் செவுளில் புழு மண்டிக் கிடந்தது. முதலில் செத்தது எதுவோ அதுதானே நோயைக் கொண்டுவந்திருக்க வேண்டும்? வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதோடு விட்டாளா? தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "அவன் கைபட்ட மீனை வாங்காதீங்க" என்றாள். பதினோரு பேர். அதற்குப் பிறகு அவனை யாரும் ஒரு தொட்டிப் பக்கம் சேர்க்கவில்லை. கார் கழுவும் இடமொன்றில் வேலை பார்க்கிறான் என்று கேள்வி. கேள்விப்பட்டதோடு சரி.

அந்தக் கொள்ளைநோயில் தப்பியது ஒரே ஒரு மீன். உள்ளங்கை நீளத்துக்கு மேல் வளர்ந்த கிழட்டுத் தங்கமீன், பெயர் ராசிக்காரன். தொட்டிகளையெல்லாம் காயப்போட்டு, குழாய்களை மருந்து போட்டுக் கழுவி முடிக்கும்வரை அவள் அவனைத் தன் வீட்டில் ஒரு பெரிய டப்பில் வைத்துக் காப்பாற்றினாள். கடையை மறுபடி திறந்தபோது கல்லாவுக்கு எதிரே தனியாக ஒரு தொட்டி வைத்து அதில் அவனை விட்டாள். அதன் பிறகு தங்கமீன் வாங்கி விற்க அவளுக்கு மனம் வரவில்லை. வேறு ஜாதி மீன்களாக வைத்துக் கடையை ஓட்டினாள். ராசிக்காரன் மட்டும் நான்கு வருடமாக, தம்பி செய்த அக்கிரமத்துக்குச் சாட்சி மாதிரி, அவள் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தான்.

போனை வைத்துவிட்டு அவள் திரும்பியது அந்தத் தொட்டியின் பக்கம்தான். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒன்பது நாளைக்கு முன்பு, நான்கு வருட விரதத்தை விட்டு, இருபத்திரண்டு தங்கமீன் குஞ்சுகளை ராசிக்காரனுக்குத் துணையாக விட்டிருந்தாள். அவற்றில் ஒன்று தொட்டியின் அடியில் செத்துக் கிடந்தது. மற்றவை மேலே வந்து தண்ணீரின் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்று நான்கு குஞ்சுகள் ஒரு பக்கச் செவுளை இறுக்கி மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விட்டன. ஒன்று திடீரென்று பாய்ந்து போய்க் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பியது. ராசிக்காரன் மட்டும் ஒன்றும் நடக்காதவன்போல நடுவில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவள் முதலில் தண்ணீரைத்தான் பார்த்தாள். தண்ணீர் கெட்டாலும் மீன் இப்படித்தான் மூச்சு வாங்கும். அதைப் பார்க்காமல் மருந்துப் புட்டியைத் தூக்குகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. தண்ணீரில் குறை இல்லை. பிறகு செத்த குஞ்சை எடுத்து, செவுள் மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த சிவப்புச் சீப்பில் ஒரு நுனியைக் கத்தரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு மூடினாள்.

மைக்ரோஸ்கோப்பில் அது நெளிந்தது. வால் பக்கம் கொக்கி போட்டுச் செவுளைப் பிடித்துக்கொண்டு, தலைப் பக்கம் நீண்டு, சுருங்கி, மறுபடி நீண்டது. தலையில் நான்கு கறுப்புப் புள்ளிகள். கண்கள் அவை. தோலில் ஒட்டும் புழுவுக்கு இந்தக் கண்கள் கிடையாது, அது குட்டி போடும். செவுளில் ஒட்டுவதற்கு நான்கு கண், அது முட்டை போடும். தங்கமீன் வகையறாவை விட்டு வேறு மீனிடம் போகாது. நான்கு வருடத்துக்கு முன் அறுநூறு மீன்களைக் கொன்றதும் இதே நாலுகண்ணன்தான்.

எப்படி வந்தது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். இந்தக் குஞ்சுகளை அவளே போய்ப் பார்த்து வாங்கினாள். பத்து நாள் இல்லை, முழுசாக ஒரு மாதம் பின்னறையில் வைத்திருந்தாள். இரண்டு தடவை நான்கைந்து குஞ்சுகளைப் பிடித்துச் செவுள் பார்த்தாள். இரண்டு தடவையும் சுத்தம். அந்த ஒரு மாதமும் ஒன்றுகூடச் சுணங்கவில்லை. இந்தத் தொட்டியில் செடி இல்லை, நத்தை இல்லை. இதற்கென்றே தனி வலை. அதை வேறு யாரும் தொட்டதில்லை. சுத்தமாக வந்தவை இந்தத் தொட்டிக்குள் வந்த பிறகுதான் நோயில் விழுந்திருக்கின்றன. தொட்டிக்குள் ஏற்கெனவே இருந்தது யார்?

அவள் தலையை நிமிர்த்தி ராசிக்காரனைப் பார்த்தாள். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் செவுளைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு வைத்தியம்?

ஒரு டப்பில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மயக்கத்துக்குக் கிராம்புத் தைலம் சில சொட்டுகள் கலக்கினாள். அதில் விட்டதும் ராசிக்காரன் கொஞ்ச நேரம் தடுமாறி, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தான். ஈரத் துணியில் வைத்து, செவுளில் நகத்துணுக்கு அளவு எடுத்துக்கொண்டு, உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றினாள். அவன் தெளிந்து நிமிரும்வரை அடிவயிற்றைக் கையில் தாங்கிப் பிடித்திருந்தாள். ஆயிரம் மீனுக்குச் செய்த வேலைதான். அன்று கை நடுங்கியது.

கண்ணாடித் துண்டில் மூன்று புழுக்கள். பக்கத்தில் இரண்டு முட்டைகள். நோயென்று சொல்ல முடியாத அளவு. வளர்ந்த, பழகிய உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது. குஞ்சுகளுக்கு அது போதும்.

மனசு லேசில் ஒத்துக்கொள்ளுமா? 'அன்னிக்குத் தம்பி கொண்டுவந்த குஞ்சுங்ககிட்ட இருந்துதான் இவனுக்கும் ஒட்டியிருக்கும். பாவம், தப்பிப் பிழைச்சான், புழுவும் கூடவே தப்பிடுச்சு' என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே உள்ளே ஏதோ ஒன்று நெருடியது. அவனுக்கு ராசிக்காரன் என்ற பெயர் அந்தக் கொள்ளைநோய்க்குப் பிறகு வந்ததல்ல. கடைக்கு வரும்போதே அவன் அந்தப் பெயரோடுதான் வந்தான்.

அடுத்த தெருத் தையல்காரர் அவளிடம் குஞ்சாக வாங்கிப் போன மீன் அவன். வளர்ந்து பெரிதாகிவிட்டான், வீடும் மாறுகிறோம் என்று ஒரு வாளியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி இருநூறு குஞ்சுகளை முன்தொட்டிகளில் விட்டதற்கு ஒரு வாரம் முந்தி. அவள் தையல்காரரின் நம்பரைத் தேடி எடுத்தாள்.

"யாரு, மீன் கடை டாக்டரம்மாவா? நம்ம ராசிக்காரன் இன்னும் இருக்கானா?"

"இருக்கான். ஒண்ணு கேக்கணும். அவன்கூட நீங்க வெச்சிருந்த மத்த மீனெல்லாம் எப்படிச் செத்துச்சு?"

"அதை ஏன் கேக்குறீங்க! மூணு தடவை குஞ்சு வாங்கி விட்டேன். பத்துப் பதினஞ்சு நாள் தாங்காது. மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டே நிக்கும். ஒரு பக்கச் செவுளு தையல் போட்ட மாதிரி மூடிக்கும். கூட இருந்ததெல்லாம் போச்சு, இவன் மட்டும் ராஜா மாதிரி சுத்துவான். அதான் ராசிக்காரன்னு பேர் வெச்சேன். கொண்டாந்து குடுத்த அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனேம்மா."

"சொன்னீங்க," என்றாள்.

சொல்லியிருந்தார். ஒரு நோயின் லட்சணம் முழுவதையும் அவள் கையில் கொடுத்திருந்தார். அவள் சிரித்துவிட்டு, வாளியை அப்படியே முன்தொட்டியில் கவிழ்த்தாள். தம்பி அப்போது ஓடி வந்து தடுத்தது இப்போது நினைவுக்கு வந்தது. "அக்கா, ஒரு மாசம் பின்னாடி தொட்டியில இருக்கட்டும்க்கா." அதற்கு அவள், கடையில் இருந்தவர்கள் கேட்கும்படி, "இவன் நம்ம மீன்டா! நம்ம வீட்டுப் பொண்ணு திரும்பி வந்தா வாசல்லயா நிக்க வைப்போம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். கடையின் சட்டம் புது மீனுக்குத்தானே, திரும்பி வந்த சொந்த மீனுக்கு இல்லையே.

தம்பியின் குஞ்சுகள் முதலில் செத்தது அவை கொண்டுவந்ததால் அல்ல. அவைதான் சின்னவை, புதியவை, தாங்க முடியாதவை. கொண்டுவந்தவன் சாகமாட்டான். இத்தனை வருடம் மீன் பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். வேறு யார் கடையிலாவது நடந்திருந்தால் வாசலில் நின்றபடியே சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை காலை தொட்டிக்கு மருந்து ஊற்றினாள். மருந்தை உறிஞ்சிவிடும் கரியை பில்டரிலிருந்து எடுத்துவிட்டு, காற்றுக் குழாயைக் கூட்டி வைத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. மீன்கள் தெளிந்துவிட்டன என்று நம்பி அத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். முட்டை பொரிந்த பிறகு, ஏழு நாள் கழித்து, மறுபடி ஊற்ற வேண்டும்.

மத்தியானம் பண்ணைக்காரரைக் கூப்பிட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தபோது வந்ததோ வேறு.

"தம்பியை எடுத்துக்குங்க. நாலு வருஷம் ஆச்சு. இப்பத் திருந்தியிருப்பான்."

"பெரிய மனசும்மா உங்களுக்கு," என்றார் பண்ணைக்காரர். "கூடப்பிறந்தவன் பண்ணின தப்பை இப்படி மன்னிக்க யாருக்கு வரும்?"

போனை வைத்த பிறகு அவளால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க முடியவில்லை. கன்னத்தில் அறை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, தனக்கு நல்ல பெயரும் கிடைத்துவிட்டது, உண்மை மட்டும் எங்கேயோ அடியில் முட்டையாகக் கிடந்தது. வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

வியாழக்கிழமை குஞ்சுகள் மேலே நிற்பதை விட்டுக் கீழே இறங்கியிருந்தன. அவள் மத்தியானமே கடையைச் சாத்தினாள். தம்பி குடியிருக்கும் கட்டடத்துக்கு லிப்ட் இல்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க மணியை அடித்தாள். கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. ஒரு நொடி திகைத்துவிட்டு, "உள்ள வாங்க அண்ணி" என்றாள். அதற்குள் அவனே வந்துவிட்டான். கார் கழுவிவிட்டு வந்த ஈரம் பேன்ட்டின் கால்களில் இன்னும் காயவில்லை. அவன் உள்ளே கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குஞ்சுகள், ராசிக்காரனின் செவுள், தையல்காரர் சொன்னது.

அவன் கதவுப் பிடியைப் பிடித்தபடி கேட்டு முடித்தான்.

"பின்னாடி தொட்டியில போடுன்னு நான் சொன்னேன்," என்றான் பிறகு.

"சொன்னே."

"அப்புறம் நீ கத்தினப்ப எனக்கே நம்பிக்கை போயிடுச்சுக்கா. பத்து நாள்ல குஞ்சை வெளிய விட்டவன் நாந்தானே. நாந்தான் கொன்னேன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அறுநூறு மீனு." அவன் ஈரப் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டான். "பாப்பா போன வருஷம் பிறந்த நாளுக்கு ஒரே ஒரு மீன் கேட்டா. வாங்கித் தரலை. என் கை பட்டா செத்துடும்னு பயம். பண்ணைக்குக்கூட என் வீட்டுக்காரி தொல்லை தாங்காமத்தான் போய்க் கேட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ உரிமை இருக்கிறவன் அழாமல் நிற்கும்போது தான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நேத்துப் பண்ணைக்காரர் போன் பண்ணினாரு," என்றான் தம்பி. "உங்க அக்கா உன்னை மன்னிச்சிட்டாங்க, வேலைக்கு வான்னாரு. என்னத்தக்கா மன்னிச்சே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைப் பத்தி எத்தனை பேர்கிட்ட சொன்னே?"

"பதினோரு பேர்."

"அத்தனை பேருக்கும் சொல்லு. அப்புறம் பேசலாம்." அவன் உள்ளே போனான். கதவை மட்டும் சாத்தவில்லை.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம். அப்படித் தள்ளிப்போட்டால் தன் வாய் என்ன செய்யும் என்று அவளுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்து முதலில் பண்ணைக்காரரைக் கூப்பிட்டாள்.

"நேத்து நான் சொன்னது பொய். திருந்த வேண்டியவன் அவன் இல்ல. அந்த நோயைக் கடைக்குள்ள விட்டது நான். அவன் அன்னிக்கே வேண்டாம்னு தடுத்தான், நான் கேக்கலை. தப்பு என்னுது." அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "கேக்குதா?" என்று கேட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

ஒருவர் "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்று நெளிந்தார். ஒருவர், "இதைத்தான் நீங்க எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களா?" என்று சிரித்தார், அந்தச் சிரிப்பை அவள் வாங்கிக்கொண்டாள். இன்னொருவர், "எந்தத் தம்பி? எப்போ?" என்றார். அவருக்கு நினைவே இல்லை. ஒருவன் பிழைப்பைக் கெடுத்த பேச்சு அவருக்கு நினைவில் வைக்கக்கூட லாயக்கில்லாத பேச்சு. அவருக்கும் முழுசாகச் சொன்னாள். எட்டாவது ஆள் போன வருடம் இறந்துவிட்டாராம், அவர் மனைவிதான் எடுத்தார். அந்த அம்மாளுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னாள். "அவர் இருந்திருந்தா கேட்டு சந்தோஷப்பட்டிருப்பாரு. உங்க தம்பியை நல்ல பையன்னுதான் சொல்லுவாரு" என்றார் அந்த அம்மாள். அதைக் கேட்டு அவளால் அடுத்த நம்பரை உடனே அழுத்த முடியவில்லை.

நடுவில் யாரோ ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கத்துப் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கவனிக்கவில்லை. பதினோராவது போனை முடித்து நிமிர்ந்தபோது தம்பி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எத்தனையாவது போனிலிருந்து நின்றானோ.

"ரெண்டாவது மருந்து எப்ப?" என்றான்.

"புதன்கிழமை."

"முட்டை எல்லாம் பொரிஞ்சுடுச்சான்னு பாத்துட்டு ஊத்தணும். ராசிக்காரன் செவுளை இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "உன் கை நடுங்குது. நான் எடுக்கறேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, இரண்டு படி இறங்கினாள்.

"அக்கா."

திரும்பிப் பார்த்தாள்.

"புதன்கிழமை பாப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்," என்றான்.